புனுவலின் கலகம் மெக்சிகோவில்தான் பழுத்தது

கேள்வி இதுதான்: ஸ்பானியத் திரைப்பட இயக்குநர் லூயிஸ் புனுவல் என்றாலே எல்லோரும் சவரக்கத்தியால் கண்ணை அறுக்கும் காட்சியைத்தான் சொல்கிறார்கள். அவர் அதிர்ச்சி கொடுப்பதற்காகவே படம் எடுத்தவரா? தொடக்கத்தில் பாரிஸில் எடுத்த இரண்டு படங்கள், கடைசிக் காலத்தில் பிரான்சில் எடுத்த ஐந்தாறு படங்கள், இவற்றை மட்டும் பார்த்தால் போதுமா? நடுவில் மெக்சிகோவில் எடுத்த வணிகப் படங்களை விட்டுவிடலாமா?

விடவே கூடாது என்பதுதான் என் பதில். அவர் இயக்கியவை மொத்தம் 32 படங்கள். அவற்றில் 20 மெக்சிகோவில் பிறந்தவை. கணக்குக்காக இதைச் சொல்லவில்லை. பார்ப்பவரை நிலைகுலைய வைக்கும் ஒரு விஷயத்தைக் குரல் உயர்த்தாமல், அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டுப் போகும் அந்தப் பழக்கம் அவருக்கு அங்கேதான் கைவந்தது. அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் 'விரிதியானா' இல்லை, 'பெல் தெ ஜூர்' இல்லை, ஆஸ்கர் வாங்கிய படமும் இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புனுவல் 1900 பிப்ரவரி 22 அன்று ஸ்பெயினின் அரகோன் பகுதியில், கலாந்தா என்ற ஊரில் பிறந்தார். அப்பா கியூபாவில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்து பெரும் பணத்தோடு ஊர் திரும்பியவர். அம்மா அவரைவிட வயதில் மிகவும் இளையவர். பிறந்த சில மாதங்களிலேயே குடும்பம் சரகோசா நகரத்துக்குப் போய்விட்டது. ஆனால் கோடைக்கும் புனித வாரத்துக்கும் கலாந்தாவுக்குத் திரும்பி வருவார்கள். அந்த ஊரில் புனித வெள்ளியன்று நண்பகலில் நூற்றுக்கணக்கானோர் தெருவில் திரண்டு ஒரே நேரத்தில் பறை முழக்கத் தொடங்குவார்கள். மறுநாள் வரை விடாமல் அடிப்பார்கள். தோலில் உரசி உரசிக் கை ரத்தம் கசியும். அந்தப் பறையொலி அவர் படங்களில் திரும்பத் திரும்ப வரும். 'நசரின்' படத்தின் முடிவில் அதைக் கேட்கலாம். அதே ஊரில் 1640-இல், வெட்டி எடுக்கப்பட்ட ஒருவனின் காலை மாதா மீண்டும் முளைக்க வைத்தாள் என்பது மக்கள் நம்பும் அற்புதம். பிற்காலத்தில் அவர் எடுத்த 'த்ரிஸ்தானா'வில் கதாநாயகிக்கு ஒரு கால் போகிறது. அந்தக் கால் திரும்பி வருவதில்லை.

படித்தது இயேசு சபைப் பாதிரிமார் நடத்திய பள்ளியில். பக்தி, பாவம், நரகம், சாவு எல்லாம் பிஞ்சு வயதிலேயே மனத்தில் ஏறிவிட்டன. நம்பிக்கை போனது, ஆனால் அது தந்த காட்சிகள் போகவில்லை. "ஆண்டவன் புண்ணியத்தில் நான் இன்னும் நாத்திகன்" என்ற அவருடைய பேச்சைப் பலரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது நேரான வாக்குமூலமாகவே படுகிறது. திருச்சபையை இவ்வளவு நுணுக்கமாக அறிந்த ஒருவரால்தான் அதை இப்படிச் சீண்ட முடியும்.

1917-இல் மாட்ரிட்டில் மாணவர் விடுதிக்கு வந்தார். கவிஞர் லோர்காவும் ஓவியர் தாலியும் அங்கேதான் நண்பர்களானார்கள். அப்பாவின் ஆசைக்கு வேளாண்மைப் பொறியியல் படிக்க வந்தவர், அதை விட்டுவிட்டுப் பூச்சியியலுக்குப் போனார், அப்புறம் வரலாறு, தத்துவம். பூச்சியியல் படித்தது சின்னத் தகவல்போலத் தெரியலாம். ஆனால் அவர் மனிதர்களைப் பார்க்கும் விதத்துக்கு அதுதான் சாவி. ஒரு வண்டு என்ன செய்கிறது என்று பார்ப்பவர் அதன்மேல் கோபப்படுவதில்லை, இரக்கப்படுவதும் இல்லை. அது செய்வதைக் குறித்துக்கொள்கிறார். புனுவலின் கேமரா அப்படித்தான் நிற்கும்.

1925-இல் பாரிஸ். அங்கே ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'டெஸ்டினி' படத்தைப் பார்த்த பிறகுதான் தன் தொழில் சினிமா என்று முடிவு செய்தார். இயக்குநர் ழான் எப்ஸ்தீனிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு அம்மாவிடம் பணம் வாங்கி, தாலியோடு சேர்ந்து 'அந்தலூசிய நாய்' எடுத்தார். 1929-இல் வெளிவந்த அந்தப் படம் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மெல்லிய மேகம் நிலாவைக் கடக்க, சவரக்கத்தி ஒரு கண்ணை அறுப்பதாகப் புனுவல் கண்ட கனவு. உள்ளங்கையில் எறும்புகள் மொய்ப்பதாகத் தாலி கண்ட கனவு. இந்த இரண்டும்தான் விதை. அறிவுக்கு விளக்கம் தரக்கூடிய எந்தக் காட்சியும் கூடாது என்பது எழுதும்போது இருவரும் வைத்துக்கொண்ட விதி. அறுக்கப்பட்டது செத்த கன்றுக்குட்டியின் கண். முதல் திரையிடலில் புனுவல் திரைக்குப் பின்னால் கிராமபோனில் டாங்கோவையும் வாக்னரையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் கற்களை நிரப்பிவைத்திருந்தாராம், பார்ப்பவர்கள் அடிக்க வந்தால் திருப்பி எறிய. அடிக்க யாரும் வரவில்லை. கைதட்டினார்கள். படம் எட்டு மாதம் ஓடியது.

இந்த வெற்றி அவருக்குப் பிடிக்கவில்லை. யாரைக் குத்த எடுத்தாரோ அவர்களே ரசித்துவிட்டுப் போனார்கள். அதனால் அடுத்த படம் 'பொற்காலம்' இன்னும் நேரடியாகத் தாக்கியது. பணம் கொடுத்தவர் சார்ல் தெ நோவாய் என்ற பிரபு. தேள்களைப் பற்றிய ஆவணப்படத்தோடு தொடங்கி, வன்கொடுமைக் கதைகளுக்குப் பேர்போன பிரெஞ்சு எழுத்தாளர் மார்க்கி தெ சாதின் கதையில் வரும் கொடூரனை ஏசுவின் உருவத்தில் காட்டி முடியும் படம். 1930 டிசம்பர் 3 அன்று வலதுசாரிக் குழுக்கள் ஸ்டூடியோ 28 திரையரங்கில் புகுந்து திரைமேல் மையை வீசின. கூடத்தில் மாட்டியிருந்த, கனவுபோல வரையும் சர்ரியலிசப் பாணி ஓவியங்களைக் கிழித்தன. சில நாளில் பாரிஸ் காவல்துறைத் தலைவர் ழான் சியாப் படத்துக்குத் தடை போட்டார். அந்தத் தடை சுமார் 50 ஆண்டு நீடித்தது. சியாப் என்ற பெயரை நினைவில் வையுங்கள். 1964-இல் புனுவல் 'டயரி ஆஃப் எ சேம்பர்மெய்ட்' எடுத்தபோது, கடைசிக் காட்சியில் பாசிசக் கூட்டம் ஊர்வலம் போகிறது. அவர்கள் போடும் கோஷம், "சியாப் வாழ்க!" 34 வருடம் காத்திருந்து தீர்த்த கணக்கு அது.

அடுத்து 'லாஸ் ஹுர்தேஸ்', 1933. ஸ்பெயினின் மிக வறிய மலைப்பகுதி ஒன்றைப் பற்றிய சிறிய ஆவணப்படம். ரமோன் அசீன் என்ற, அரசே கூடாது என்னும் அனார்க்கிஸ்ட் நண்பர், லாட்டரி விழுந்தால் உன் படத்துக்குத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார், விழுந்தது, தந்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து படத்தொகுப்பு செய்தார் புனுவல். ஸ்பெயினைக் கேவலப்படுத்துகிறது என்று குடியரசு அரசாங்கமே தடை செய்தது. 1936-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் அசீனை, குடியரசை எதிர்த்த ஜெனரல் பிராங்கோவின் தரப்பினர் சுட்டுக் கொன்றார்கள்.

இந்தப் படத்தைப் புகழ்பவர்கள் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறார்கள். ஆடு ஒன்று பாறையிலிருந்து தவறி விழுவதாகப் பின்னணிக் குரல் சொல்கிறது. சட்டகத்தின் ஓரத்தில் துப்பாக்கிப் புகை தெரியும், சுட்டு வீழ்த்தியிருக்கிறார்கள். கழுதையைத் தேனீக்கள் கொட்டிக் கொல்வதும் ஏற்பாடு செய்த காட்சியே. ஆவணப்படத்தின் குரலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சோதிக்கும் படம் என விமரிசகர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏழை கிராமத்துக்குப் போய் இப்படிச் செய்தது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தப் பகுதி மக்களுக்குப் படத்தின்மேல் நெடுங்காலம் மனக்கசப்பு இருந்ததில் வியப்பே இல்லை.

இதுவரை பார்த்த மூன்றும் ஓர் இளைஞனின் படங்கள். ஒவ்வொரு சட்டகமும் 'பார், பார்' என்று சட்டையைப் பிடித்து உலுக்கும். இதற்கப்புறம் சொந்தப் பெயரில் ஒரு முழுநீளக் கதைப்படம் இயக்க அவருக்குப் பதினான்கு வருடம் ஆனது.

அந்த வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாட்ரிட்டில் ஃபில்மோஃபோனோ நிறுவனத்துக்காக ஜனரஞ்சகப் படங்களைத் தயாரித்தார். போர் வந்தது, குடியரசுக்காகப் பாரிஸில் வேலை செய்தார், பிறகு அமெரிக்கா. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் திரைப்படப் பிரிவில் வேலை கிடைத்தது. தாலி தன் சுயசரிதையில் புனுவலை நாத்திகர் என்று எழுதிவைக்க, அதை வைத்து நெருக்கடி கொடுத்தார்கள். 1943-இல் ராஜினாமா செய்தார். பழைய நண்பர்களின் உறவு அதோடு முறிந்தது. பிறகு ஹாலிவுட்டில் வார்னர் நிறுவனத்தில் ஸ்பானிய மொழி டப்பிங் வேலை. 'பொற்காலம்' எடுத்தவர், மற்றவர் படங்களுக்குக் குரல் சேர்த்துக் குடும்பம் நடத்தினார்.

1946-இல் மெக்சிகோ போனார். தயாரிப்பாளர் ஆஸ்கர் தான்சிகெர்ஸ் கொடுத்த முதல் வேலை 'கிரான் காசினோ': பெரிய பாடகர்கள் இருவர், நிறையப் பாட்டு. ஓடவில்லை. இரண்டு வருடம் சும்மா இருந்தார். 1949-இல் 'எல் கிரான் கலவேரா' என்ற குடும்பக் காமெடி நன்றாக ஓடியது. அதன் பிறகுதான் தான்சிகெர்ஸ், தெருப் பிள்ளைகளைப் பற்றி நாம் உருப்படியாக ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டார்.

'லோஸ் ஒல்விதாதோஸ்', மறக்கப்பட்டவர்கள், 1950. அவர் படங்களில் ஒன்றே ஒன்றுதான் பார்ப்பேன் என்று யாராவது சொன்னால் இதைத்தான் கையில் கொடுப்பேன். பழைய துணிகளை உடுத்திக்கொண்டு சில மாதங்கள் மெக்சிகோ நகரத்தின் சேரிகளில் நடந்து, உட்கார்ந்து பேசிக் கேட்டு எழுதிய கதை. சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பி வந்த ஹைபோ என்ற ரௌடிப் பையன், அவன் பிடியில் மாட்டிக்கொள்ளும் பெத்ரோ என்ற சிறுவன், மகனை வெறுக்கும் ஒரு தாய், தெருவில் வாசித்துப் பிழைக்கும் ஒரு குருடர்.

ஏழைகளைப் பற்றிய படங்களில் நமக்குப் பழகிப்போன ஓர் ஏற்பாடு உண்டு: ஏழை நல்லவன், குருடன் பாவம், தாய் தெய்வம். இதில் குருடர் கொடூரமானவர், சிறுமியிடம் தவறாக நடக்க முயல்பவர். அவரைப் பையன்கள் கல்லால் அடிக்கிறார்கள், அவர்களும் கொடூரமானவர்களே. கால் இல்லாத ஒருவரைச் சின்னத் தள்ளுவண்டியிலிருந்து தூக்கித் தெருவில் போட்டுவிட்டு வண்டியை உருட்டிவிடுகிறார்கள். வறுமை மனிதனைப் புனிதனாக்காது, நசுக்கும் என்பதைப் படம் எங்கேயும் வாயால் சொல்வதில்லை. காட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது.

படத்தில் வரும் ஒரு கனவுக் காட்சியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பெத்ரோ தூங்குகிறான். அவனிலிருந்து இன்னொரு பெத்ரோ எழுகிறான். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தால், ஹைபோ கொன்ற பையன் ரத்தத்தோடு சிரிக்கிறான்; மேலிருந்து இறகுகள் உதிர்கின்றன. அம்மா வெள்ளை இரவு உடையில் மெல்ல மெல்லக் கட்டில்மேல் நடந்து வருகிறாள். வாய் அசையவில்லை, குரல் மட்டும் கேட்கிறது. நிஜத்தில் அவனை ஒருமுறைகூட அணைக்காதவள் இங்கே அணைக்கிறாள். அன்றைக்கு எனக்கு ஏன் இறைச்சி தரவில்லை என்று அவன் கேட்கிறான். அவள் திரும்பி வருகிறாள், கையில் பச்சை இறைச்சித் துண்டு, நிணமும் நரம்புமாகத் தொங்குகிறது. அவன் கை நீட்டும்போது கட்டிலுக்கடியிலிருந்து ஹைபோவின் கை நீண்டு அதைப் பறித்துக்கொள்கிறது. பசியும் தாய்ப்பாசமும் ஒரே துண்டு மாமிசமாகிவிட்டன. 'அந்தலூசிய நாய்' படத்தில் விளக்கமே கூடாது என்று ஒதுக்கிய அதே கனவு மொழி, இங்கே ஒரு பட்டினிச் சிறுவனின் நெஞ்சுக்குள் இடம் பிடித்துவிட்டது. இதைத்தான் மெக்சிகோ அவருக்குக் கொடுத்தது என்கிறேன்.

கட்டி முடிக்காத ஒரு பெரிய கட்டிடத்தின் எலும்புக்கூடு பின்னால் தெரியும் காட்சி ஒன்று உண்டு. அதில் நூறு பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்து வாசிப்பதை ஒரு நொடி காட்ட ஆசைப்பட்டார் புனுவல். தான்சிகெர்ஸ் முடியாது என்றுவிட்டார். அந்த மறுப்பு படத்துக்கு நல்லதையே செய்தது என்பது என் கருத்து. பையன்களிடமிருந்து கண் விலகியிருக்கும்.

படம் வந்தபோது மெக்சிகோ கொதித்தது. படப்பிடிப்பு நடக்கும்போதே, எந்த மெக்சிகோத் தாயும் மகனை இப்படி விரட்ட மாட்டாள் என்று சிகையலங்காரப் பெண் வேலையை விட்டுப் போயிருந்தார். வெளியான சில நாளிலேயே அரங்கிலிருந்து தூக்கினார்கள். நாட்டைவிட்டு வெளியேற்று என்று குரல்கள் எழுந்தன. ஆதரித்தவர்களில் ஒருவர் ஓவியர் சிக்கேரோஸ். 1951-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் கவிஞர் ஒக்தாவியோ பாஸ் படத்தைப் பற்றித் தான் எழுதிய கட்டுரையை வாசலில் நின்று கையால் விநியோகித்தார். சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. அதற்குப் பிறகு மெக்சிகோவிலும் திரும்பத் திரையிட்டார்கள், நன்றாக ஓடியது. 2003-இல் யுனெஸ்கோ தன் உலக நினைவகப் பதிவேட்டில் இந்தப் படத்தைச் சேர்த்தது.

உலகம் அவரை மீண்டும் கண்டுகொண்டது. ஆனாலும் சொகுசு வரவில்லை. ஒரு படத்துக்கு 18 முதல் 24 நாள் படப்பிடிப்பு, குறைந்த பணம், தயாரிப்பாளர் கொடுக்கும் நட்சத்திரம், சில சமயம் தயாரிப்பாளர் கொடுக்கும் கதை. இந்த நெருக்கடிதான் அவர் பாணியைச் செதுக்கியது. எத்தனை ஷாட் தேவையோ அத்தனைதான் எடுப்பார். தொகுப்பு சில நாளில் முடிந்துவிடும். அழகுக்காக ஒரு சட்டகம் வைக்க மாட்டார். 'நசரின்' எடுக்கும்போது ஒளிப்பதிவாளர் கப்ரியேல் ஃபிகெரோவா, போபோகதெபெத்ல் எரிமலையும் வெண்மேகமும் பின்னால் வரும்படி அருமையாகக் கேமராவை வைத்தாராம். புனுவல் அதை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி, சாதாரணமான ஓர் இடத்தைப் படம் பிடித்தார். உலகமே கொண்டாடிய ஒளிப்பதிவாளர் ஃபிகெரோவா. அவருடைய வேலையை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு தெளிவு வேண்டும்!

இந்தக் காலத்துப் படங்களில் 'எல்' படத்தைத் தவறவிடாதீர்கள். 1953-இல் வந்தது. பணக்காரர், பக்திமான், ஊரே மதிக்கும் ஒருவர். திருமணமானதும் சந்தேகப் பேய் பிடித்து மனைவியை வதைக்கிறார். தேவாலயத்தில் பெரிய வியாழன் சடங்கில் படம் தொடங்குகிறது. பாதிரியார் சிறுவர்களின் பாதங்களைக் கழுவி முத்தமிடுகிறார். நாயகனின் பார்வை அந்தப் பாதங்களிலிருந்து விலகி, வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் செருப்புகள்மேல் ஓடி, ஒரு ஜோடியில் நிற்கிறது. அங்கிருந்து மெல்ல மேலேறி முகத்துக்குப் போகிறது. வசனமே இல்லாமல் பக்தியும் காமமும் உடைமை வெறியும் ஒரே பார்வையில் வந்துவிட்டன. வெளியிலிருந்து பார்த்தால் நட்சத்திரம் நடித்த குடும்ப மெலோடிராமாதான். ஆனால் உளப்பகுப்பாய்வாளர் லக்கான் தன் மாணவர்களுக்குப் பாடமாகத் திரையிட்டார். அந்த நாயகனைப் பூச்சியைப் பார்ப்பதுபோல ஆராய்ந்தேன் என்று புனுவல் சொல்லியிருக்கிறார்.

'நசரின்' (1959) ஏசுவைப்போலவே வாழ முயலும் ஒரு பாதிரியாரின் கதை. அவர் செய்யும் நன்மை ஒவ்வொன்றும் கேடாகவே முடிகிறது. கான் விழாவில் சர்வதேசப் பரிசு கிடைத்தது. அங்கிருந்த கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் விருதையும் கிட்டத்தட்டப் பெற்றிருக்கும் என்பதைப் புனுவலே சங்கடத்தோடு எழுதியிருக்கிறார். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. அந்தப் பாதிரியாரை அவர் மனதார நேசித்தார். அந்த நேசம் படத்தில் தெரிகிறது.

சரி, இப்போது 'விரிதியானா'. 1961-இல், சர்வாதிகாரி பிராங்கோ ஆண்ட ஸ்பெயினுக்குத் திரும்பிப் போய் எடுத்தார். நாடு கடந்து வாழ்ந்த குடியரசுவாதிகள் துரோகம் என்று ஏசினார்கள். படம் வெளிவந்ததும் வாயடைத்துப் போனார்கள்.

கன்னியாஸ்திரி ஆகப்போகும் பெண் விரிதியானா. அவள் மாமா, செத்துப்போன தன் மனைவியின் திருமண உடையை அவளை உடுத்தச் சொல்கிறார், மயக்க மருந்து கொடுக்கிறார், பிறகு குற்றவுணர்வில் தூக்கில் தொங்குகிறார். எந்தக் கயிற்றில்? வேலைக்காரியின் சின்ன மகள் ஸ்கிப்பிங் ஆடும் கயிற்றில். பிறகு அதே கயிற்றில் அந்தப் பெண் மறுபடி ஆடுகிறாள். அப்புறம் ஒரு பிச்சைக்காரன் அதை இடுப்பில் கட்டியிருக்கிறான். கயிறு ஊர்ந்து போகும் வழியைப் பின்தொடர்ந்தாலே பாதிப் படம் புரிந்துவிடும்.

விரிதியானா மடத்தை விட்டு வந்து பிச்சைக்காரர்களைச் சேர்த்துச் சோறு போட்டு, ஜெபம் சொல்லிக் கொடுக்கிறாள். வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போன இரவில் அவர்கள் மாளிகைக்குள் நுழைந்து விருந்து கொண்டாடுகிறார்கள். ஒருத்தி எல்லோரையும் படம் எடுக்கிறேன் என்கிறாள். மேசைக்கு ஒரே பக்கம் 13 பேர் அசையாமல் அமர்கிறார்கள், நடுவில் குருடன். ஏசு சீடர்களோடு உண்ணும் லியொனார்தோவின் 'கடைசி இரா உணவு' ஓவியம்! 'கேமரா' இதுதான் என்பதுபோல அவள் தன் பாவாடையைத் தூக்கிக் காட்டுகிறாள். பின்னணியில் ஹாண்டலின் அல்லேலூயா. இதே படத்தில் வண்டிக்கு அடியில் கட்டப்பட்டு இழுபடும் ஒரு நாயைப் பார்த்து இரக்கப்பட்டு ஒருவன் விலைகொடுத்து வாங்குகிறான். அவன் நகர்ந்ததும், அவனுக்குத் தெரியாமல், எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு வண்டி வருகிறது. அதன் அடியில் இன்னொரு நாய். தனிமனித தர்மத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதை அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். மூன்று வாரத்தில் படம் முடிக்கும் பழக்கம் இல்லாதவரால் இப்படிச் சுருக்க முடியாது.

படத்தின் முடிவு தணிக்கைக்காரர்கள் உபயம். முதலில் எழுதியதில், விரிதியானா மாமாவின் மகன் ஹோர்ஹேயின் அறைக் கதவைத் தட்டி உள்ளே போகிறாள், கதவு மூடுகிறது. கூடாது என்றார்கள். மாற்றினார்: உள்ளே ஏற்கெனவே வேலைக்காரி இருக்கிறாள், மூவரும் மேசையில் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள், கிராமபோனில் மேல்நாட்டுப் பாட்டு ஓடுகிறது, கேமரா மெல்லப் பின்வாங்குகிறது. ஆபாசமாக எதுவும் இல்லை, ஆனால் பழைய முடிவைவிடப் பல மடங்கு துணிச்சல். தணிக்கை அதிகாரிகள் ஒப்புதல் தந்தார்கள். கான் விழாவின் முதல் பரிசான தங்கப் பனை விருது கிடைத்தது, இன்னொரு படத்தோடு பகிர்ந்து. ஸ்பெயின் அரசின் திரைப்படத் துறை இயக்குநரே மேடையேறி வாங்கிக்கொண்டார். அடுத்து வத்திக்கானின் பத்திரிகை கடுமையாகத் தாக்கி எழுதியது. அந்த அதிகாரியின் பதவி போனது. ஸ்பெயினில் படத்துக்கு 1977 வரை தடை.

மெக்சிகோவில் அவர் கடைசியாக எடுத்தவற்றில் 'எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்' (1962) எனக்கு மிகவும் பிடித்தது. விருந்துக்கு வந்த மேட்டுக்குடியினர் ஓர் அறையிலிருந்து வெளியேற முடியாமல் போகிறார்கள். கதவு திறந்தே இருக்கிறது. காரணம் கடைசிவரை சொல்லப்படுவதில்லை. நாட்கள் போகப் போக நாகரிகம் கழன்று, தாகத்துக்குச் சுவரை உடைத்துத் தண்ணீர்க் குழாயைத் தேடுகிறார்கள். விருந்தினர்கள் வீட்டுக்குள் நுழைவது இரண்டு முறை வரும். படம் தொகுத்த பிறகு ஃபிகெரோவா அவரைத் தனியே அழைத்து, தவறு நடந்துவிட்டது என்று எச்சரித்தாராம். வேண்டுமென்றே வைத்தது. பணக்கார வீட்டுக்கு ஏற்ற நல்ல துணி நாப்கின்கூடக் கிடைக்காமல், ஒப்பனைக் கலைஞரிடம் ஒன்று கடன் வாங்கிக் காட்டியிருக்கிறார்கள். 'சைமன் ஆஃப் தி டெசர்ட்' (1965) 45 நிமிடத்தில் திடீரென்று முடிவதற்குக் காரணம், தயாரிப்பாளரிடம் பணம் தீர்ந்துபோனது.

பிரெஞ்சுக் காலத்தைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியிருப்பதால் நான் நீட்டவில்லை. திரைக்கதை ஆசிரியர் ழான் குளோத் கரியேர் 1964 முதல் கூடவே இருந்தார். 'பெல் தெ ஜூர்' (1967) வெனிஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கச் சிங்கம் வாங்கியது. பகலில் விபசார விடுதிக்குப் போகும் டாக்டர் மனைவியாகக் காத்ரீன் தெனேவ். ஒரு வாடிக்கையாளர் கொண்டுவரும் சிறு பெட்டிக்குள் என்ன இருந்தது என்று வாழ்நாள் முழுக்கப் புனுவலிடம் கேட்டார்கள்; தனக்கும் தெரியாது என்பார். நிஜமும் கற்பனையும் எங்கே மாறுகின்றன என்று காட்ட அவர் மங்கலோ, விசித்திர இசையோ சேர்ப்பதில்லை. இரண்டையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே நிதானத்தில் எடுக்கிறார். மெக்சிகோ மெலோடிராமா எடுத்த அதே கை.

'டிஸ்க்ரீட் சார்ம் ஆஃப் தி பூர்ஷ்வாஸி' (1972) ஆறு பேர் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்து ஒருபோதும் சாப்பிட முடியாமல் போகும் கதை. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. படம் வந்த வருடம் ஹாலிவுட்டில் இயக்குநர் ஜார்ஜ் குக்கோர் தன் வீட்டில் அவருக்கு மதிய விருந்து வைத்தார். ஹிட்ச்காக், ஜான் ஃபோர்டு, பில்லி வைல்டர், வில்லியம் வைலர் எல்லோரும் வந்தார்கள். ஹிட்ச்காக் அவர் தோளில் கைபோட்டு, த்ரிஸ்தானாவின் வெட்டுண்ட காலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். உடல்நலமில்லாமல் வர முடியாத ஃப்ரிட்ஸ் லாங்கை மறுநாள் போய்ப் பார்த்து, கையெழுத்திட்ட புகைப்படம் கேட்டு வாங்கினார், 72 வயதில்.

கடைசிப் படம் 'தட் அப்ஸ்க்யூர் ஆப்ஜெக்ட் ஆஃப் டிசையர்' (1977). கதாநாயகியாகத் தொடங்கிய மரியா ஷ்னைடர் விலகியதும், கரோல் பூக்கே, ஆங்கெலா மோலினா என்று இரண்டு நடிகைகளை ஒரே பாத்திரத்துக்குப் போட்டார். மாறி மாறி வருகிறார்கள். நாயகன் கவனிப்பதே இல்லை. அவன் விரும்புவது ஒரு பெண்ணை அல்ல என்பதைக் காட்ட இதைவிடச் சுலபமான வழி இல்லை. புனுவல் 1983 ஜூலை 29 அன்று மெக்சிகோ நகரத்தில் காலமானார்.

அவர் வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மனைவி ழான் ருக்கார் பிற்காலத்தில் எழுதிய நினைவுக்குறிப்பில், பொறாமையும் கட்டுப்பாடும் நிறைந்த ஒரு கணவனைப் பார்க்கலாம். அவர் ஆசையாக வைத்திருந்த பியானோவை அவரைக் கேட்காமலே புனுவல் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். புத்தகத்தின் தலைப்பே பியானோ இல்லாத பெண் என்றுதான் வரும். இதைப் படித்த பிறகு 'எல்' படம் வேறு மாதிரி தெரிகிறது. அந்த நாயகனை வெளியே நின்று பார்த்து எழுதினார் என்று இப்போது என்னால் நம்ப முடியவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்றால்: முதலில் 'லோஸ் ஒல்விதாதோஸ்', அடுத்து 'எல்', பிறகு 'விரிதியானா', 'எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்'. இந்த நான்கையும் பார்த்த பிறகு 'பெல் தெ ஜூர்', 'டிஸ்க்ரீட் சார்ம்' என்று பிரான்சுக்குப் போங்கள். பாரிஸ் காலத்து இரண்டு படங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். 'லோஸ் ஒல்விதாதோஸ்' தேடும்போது ஓர் எச்சரிக்கை. தணிக்கைக்குப் பயந்து, பெத்ரோ பிழைத்து நல்லபடியாகப் பள்ளிக்குத் திரும்புவதாக இன்னொரு முடிவையும் அன்றைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அது மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. சில டிவிடிகளில் கூடுதல் பகுதியாகச் சேர்த்திருக்கிறார்கள். படத்தை முழுதாகப் பார்த்து முடித்த பிறகு மட்டும் அதைப் போட்டுப் பாருங்கள்.